அம்மாவோடு கம்போடியா அல்லது வியட்நாம்: பழைய கோவில்களில் எதைப் பார்ப்பது, அங்கே கும்பிடலாமா?

சத்துவாச்சாரி மலர்:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவை அழைத்துக்கொண்டு வெளிநாடு போகலாம் என்று இருக்கிறோம். சிங்கப்பூர், துபாய் எல்லாம் அம்மாவுக்கு வேண்டாமாம். கடல் தாண்டி நம் சாமிக்குக் கட்டிய பெரிய கோவில்கள் காட்டுக்குள் கிடக்கின்றன என்று டிவியில் பார்த்ததிலிருந்து அங்கேதான் போக வேண்டும் என்கிறார். பிரதோஷம் தவறாமல் வேலூர்க் கோட்டைக்குள் போய் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு வருகிறவர் அவர். எங்களுக்கு இது சுற்றுலா, அவருக்கு யாத்திரை.

கம்போடியாவா வியட்நாமா என்று முடிவு செய்ய முடியவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அம்மாவுக்கு அலைச்சல் அதிகம், அவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, முட்டி வலியும் உண்டு, சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் கஷ்டம். இன்னொன்று, விபூதி, கற்பூரம், நல்லெண்ணெய், திரி என்று ஒரு பை நிறைய எடுத்து வைத்திருக்கிறார். பூஜையே இல்லாத இடிந்த கோவிலில் விளக்கேற்ற விடுவார்களா? விடாவிட்டால் அம்மா மனசு உடைந்துபோய்விடும், அதை முன்கூட்டியே எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அங்கே லிங்கம் இருக்கிறதா, இருந்தால் அதைக் கும்பிடலாமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா? என் கொழுந்தனார் அதெல்லாம் தமிழ் ராஜாக்கள் கட்டியது, நம் சொத்து, தைரியமாகப் போய்க் கும்பிடுங்கள் என்கிறார். அது உண்மையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

விஷாரம் பாய்:

சகோதரி, நான் செருப்பு, ஷூ மேல்தோல் வியாபாரத்துக்காக வியட்நாம் போய் வருகிறவன். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்கள் பலர் இப்படிப் போய் வருவார்கள், ஆனால் வேலை முடிந்ததும் ஹோ சி மின் நகரத்திலிருந்தே திரும்பிவிடுவார்கள். எனக்குப் பழைய கட்டடம் என்றால் பிரியம், அதனால் ஒருமுறை டா நாங் போய் அங்கிருந்து மீ சன் பார்த்தேன். ஹோய் ஆன் என்ற பழைய ஊரில் தங்கினால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான்.

மீ சன் நம் வேலூரைப் போலவே சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியை அந்தக் காலத்தில் ஆண்ட சம்பா நாட்டு அரசர்களின் சிவன் கோவில்கள். பத்ரவர்மன் என்ற அரசர் 4ஆம் நூற்றாண்டில் பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குப் பெயர் வைத்து முதல் கோவிலைக் கட்டினார். அதன்பின் ஏறத்தாழ ஆயிரம் வருடம் ஒவ்வொரு அரசரும் அங்கே கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லாம் செங்கல். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியாது, மரப்பிசின் வைத்து ஒட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அடுக்கிய பிறகு அந்தச் செங்கல் சுவரிலேயே உளியால் சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் கருங்கல் வேலை பார்த்த கண்ணுக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஆனால் அம்மாவை அங்கே அழைத்துப்போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் அங்கே குண்டு போட்டன. வியட்நாம் போராளிகள் அந்தப் பள்ளத்தாக்கைப் பயன்படுத்தினார்கள் என்று காரணம் சொன்னார்கள். எல்லாவற்றிலும் பெரிய கோபுரம், இன்றைக்கு ஏ1 என்று எண் போட்டிருக்கிறார்கள், அது போய்விட்டது. குண்டு விழுந்த குழிகள் புல் முளைத்து இன்னும் அப்படியே கோவில்களுக்கு நடுவில் இருக்கின்றன. கட்டடம் இயற்கையாக இடிவது வேறு, ஆயிரம் வருடம் நின்றதை மனிதன் சில நாளில் இடிப்பது வேறு. அந்தக் குழி ஓரத்தில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு கசிமியர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி என்ற போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் பல வருடம் அங்கேயே இருந்து மிச்சம் இருந்ததைக் காப்பாற்றினார். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சமீப வருடங்களில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் போய்ச் சில கோவில் தொகுதிகளைச் சீர் செய்தது. அப்படி வேலை செய்யும்போதுதான் 2020இல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் லிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அதனால் லிங்கம் இருக்கிறது, ஆவுடையார் இருக்கிறது, சில கருவறைகளும் இருக்கின்றன, ஆனால் பூஜை கிடையாது. நல்ல சிற்பங்கள் பலவற்றை டா நாங்கில் உள்ள சம்பா சிற்ப அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மீ சன் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே எந்த இடத்தில் எது இருந்திருக்கும் என்று புரியும்.

முட்டி வலிக்கு மீ சன் பரவாயில்லை. வாசலிலிருந்து பேட்டரி வண்டி உண்டு, உள்ளே கொஞ்சம் ஏற்ற இறக்கம். பாதையை விட்டு மட்டும் இறங்க வேண்டாம். வியட்நாமில் பூஜை நடக்கிற பழைய கோவில்தான் வேண்டும் என்றால் ந்யா சாங் ஊரில் போ நகர் கோவில் இருக்கிறது. அதுவும் சம்பா காலத்துச் செங்கல் கோபுரம்தான், அம்மன் கோவில். இன்றைக்கும் வியட்நாம் பெண்கள் பழத்தட்டும் ஊதுவத்தியுமாக வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் படி ஏற வேண்டும்.

தை மாதத்தில் டா நாங் பக்கம் மூடாக்கும் தூறலுமாக இருக்கும். யோசித்துக்கொள்ளுங்கள்.

அரக்கோணம் பாசஞ்சர்:

மலர் அக்கா, கம்போடியா போங்கள். ஒரே ஒரு சிற்பத்துக்காகச் சொல்கிறேன்.

சியம் ரீப் ஊரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரம் போனால் பந்தேய் ஸ்ரெய் என்ற சிவன் கோவில். கி.பி. 967இல் குடமுழுக்கு ஆனது. அந்த ஊர்ப் பக்கத்துப் பெரிய கோவிலான அங்கோர் வாட் மாதிரி அரசர் கட்டியது இல்லை, யக்ஞவராகர் என்ற அந்தணர் கட்டியது. அவர் அரச குடும்பத்து வழி வந்தவர், பிறகு கம்போடிய அரசர் ஐந்தாம் ஜெயவர்மனுக்குக் குருவாக இருந்தார். கோவில் சின்னது, சமதரையில் இருக்கிறது, கல் இளஞ்சிவப்பு. காலை வெயில் விழும்போது பார்க்க வேண்டும். அதன் கிழக்குக் கோபுர வாசலுக்கு மேலே சிவன் பல கைகளோடு ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு பக்கம் எலும்பும் தோலுமாக, முலை வற்றித் தொங்க, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அது காரைக்கால் அம்மையார் என்றுதான் ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள்.

அம்மையார் தலையாலே நடந்து கயிலை போய், ஆண்டவன் சொல்படி வந்து அவர் ஆட்டத்தின் கீழேயே இருந்து பாடிய ஊர் திருவாலங்காடு. அரக்கோணத்திலிருந்து சென்னை போகிற ரயில் பாதையில் இருக்கிறது. இன்றைக்கு அது திருவள்ளூர் மாவட்டம், ஆனால் 1911க்கு முன் திருத்தணி வட்டாரம் எல்லாம் நம் வட ஆற்காடு ஜில்லாதான். நம் பக்கத்து ஊரில் பாடிய ஒரு தாயின் உருவத்தைக் கடல் தாண்டிப் போய் ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு கெமர் (கம்போடிய) சிற்பி செதுக்கியிருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அங்கே போவதற்கு முன் திருவாலங்காட்டு ரத்தின சபைக்கு அவரை ஒருமுறை அழைத்துப்போங்கள். இங்கே அம்மையாரைப் பார்த்தவருக்கு அங்கே வழிகாட்டி தேவையில்லை, அவரே கண்டுபிடித்துக் காட்டுவார்.

உங்கள் கொழுந்தனார் சொன்னது சரியில்லை. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு வீடியோ வருகிறது. அங்கோர் வாட்டைக் கட்டியது இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டு, கெமர் அரசர். கட்டியவர்கள் கெமர் மக்கள். கல் குலன் மலையிலிருந்து வாய்க்கால் வழியாக வந்தது. சோழரோ பல்லவரோ அங்கே போய்க் கோவில் கட்டவில்லை. கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்து மரபிலிருந்து வளர்ந்தது, அரசர்கள் வர்மன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், கல்வெட்டில் சமஸ்கிருதமும் கெமரும் இருக்கின்றன, காம்போஜ (கம்போடிய) அரசர் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பினார் என்று கரந்தைச் செப்பேடு சொல்கிறது. இதெல்லாம் உறவு. உறவு இருந்தது என்பதே நமக்குப் பெருமைதான், அதை உரிமையாக்கிச் சொன்னால் அந்த ஊர்க்காரர்களை அவமதிக்கிறோம். அங்கே வேலை செய்யும் வழிகாட்டிகளிடம் நம் ஆட்கள் போய் இதை எங்கள் ராஜா கட்டினார் என்று சொல்லும்போது அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள், மனதுக்குள் எப்படி இருக்கும்? கங்கைகொண்ட சோழபுரத்தை ஒருவர் வந்து எங்கள் ஆள் கட்டியது என்றால் நாம் விடுவோமா?

தமிழர் தடம்தான் வேண்டும் என்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. தாய்லாந்தில் தக்குவாபா என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதைச் சொல்கிறது. அவனிநாராயணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டம். சென்னை நெடுஞ்சாலையில் போகும்போது காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்ப்பீர்களே, அந்த ஊரின் பழைய பெயர் அவனிநாராயண சதுர்வேதிமங்கலம். ஒரே பட்டப்பெயர் நம் ஊருக்கும் கடலுக்கு அப்பால் ஒரு குளத்துக்கும். அங்கே நம் ஆள் கோபுரம் கட்டவில்லை, குளம் வெட்டியிருக்கிறார்.

சத்துவாச்சாரி மலர்:

தம்பி, படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. காரைக்கால் அம்மையார் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், உடனே கம்போடியாதான் என்று முடிவு செய்துவிட்டார். பாய், மீ சன் பற்றிச் சொன்னதற்கு ரொம்ப நன்றி, அடுத்த முறை நாங்கள் இருவர் மட்டும் போகும்போது கட்டாயம் பார்ப்போம்.

ஆனால் விபூதி, கற்பூரம் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

மலர், நீ சத்துவாச்சாரி என்பதால் இதை உன்னிடம் சொல்வது எளிது. உன் அம்மா தவறாமல் கும்பிடுகிற ஜலகண்டேஸ்வரர் கருவறையில் நான் படிக்கிற காலத்தில் லிங்கமே கிடையாது. கோட்டை தொல்லியல் துறை வசம் இருந்தது, கோவில் வெறும் கட்டடமாக இருந்தது. கல்யாண மண்டபத்துத் தூண் யாளிகளைப் பார்க்க வருவோம், உள்ளே போனால் இருட்டும் வெளவால் நாற்றமும்தான். லிங்கம் உங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981இல்தான் ஊர் மக்கள் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கு வேலூரே தெருவில் இருந்தது.

அந்த வெறும் கோவிலுக்குள்ளும் என் பாட்டி வருவார். விளக்கு ஏற்ற மாட்டார், பூ போட மாட்டார். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கருவறைக்கு நேரே கை கூப்பி ஒரு தேவாரம் முழுசாகப் பாடிவிட்டு வெளியே வருவார். மூர்த்தி இல்லாத இடத்தில் பூஜை இல்லை, ஆனால் பாட்டுக்கும் கும்பிடுவதற்கும் தடை எங்கேயும் இல்லை என்பார். கம்போடியாவுக்கும் இதுவே போதும்.

இனி கற்பூரம். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எண்ணெயும் வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கல்லை நினைத்துப் பார். அங்கே இருப்பது நம் கருங்கல் அல்ல, மணற்கல். எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், புகைக் கரி அந்த நுணுக்கமான சிற்பத்துக்குள் போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது, தேய்த்து எடுத்தால் சிற்பமும் சேர்ந்து போகும். நம் ஊரிலேயே பார், தொல்லியல் துறை கோவில்களில் தூணெல்லாம் எண்ணெயும் குங்குமமும் அப்பி, மூக்கு எது கண் எது என்று தெரியாமல் கிடக்கிறது. அதே கையோடு அங்கே போகக் கூடாது. கையில் இருக்கிற வியர்வையே கல்லுக்கு ஆகாது என்பதால்தான் தொடாதே என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். விபூதிப் பொட்டலம் ஒன்று கொண்டுபோகட்டும், தன் நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும், கல்லில் பூச வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் உன் அம்மாவை மேல்பாடிக்கு ஒருமுறை அழைத்துப்போ. பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது, காட்பாடியிலிருந்து பக்கம்தான். ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுத்த பள்ளிப்படைக் கோவில் அங்கே உண்டு. கூட்டம் இருக்காது, ஆரவாரம் இருக்காது. அப்படிப்பட்ட கோவிலில் அரை மணி உட்காரப் பழகியவர்களுக்குத்தான் அங்கோரும் பிடிக்கும். தேரும் திருவிழாவுமாக மட்டுமே கோவிலைப் பார்த்தவர்கள் அங்கே போய்விட்டு, வெறும் கல்தானே இருக்கிறது என்று திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம் செந்தில்:

வாத்தியார் சார், நம் கோட்டைக் கோவிலில் மக்கள் லிங்கத்தை வைத்துப் பூஜையை மீட்டார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதையே ஏன் அங்கோரிலும் கேட்கக் கூடாது? அவ்வளவு பெரிய விஷ்ணு கோவில் சும்மா கிடக்கிறது. இந்திய அரசு பேசி அங்கே ஒரு கால பூஜையாவது ஆரம்பிக்க வைக்கலாமே.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

செந்தில், உன் ஆசையில் தப்பில்லை, ஆனால் அங்கோர் வாட் சும்மா கிடக்கவில்லை. விஷ்ணுவுக்குக் கட்டிய கோவில் சில தலைமுறைகளிலேயே பௌத்தக் கோவில் ஆகிவிட்டது. கட்டினவர்களின் பேரப்பிள்ளைகளேதான் மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அங்கே கும்பிடுவது நின்றதே இல்லை. பிக்குகள் இருக்கிறார்கள், நடுக் கருவறையைச் சுற்றிப் புத்தர் சிலைகள் இருக்கின்றன, கம்போடியக் கொடியிலேயே அந்தக் கோவில்தான் இருக்கிறது. வேலூரில் வேலூர்க்காரர்கள் தங்கள் கோவிலில் தாங்களே வைத்தார்கள். அங்கே வைப்பதா வேண்டாமா என்பது கம்போடியக்காரர்கள் பாடு. நாம் விருந்தாளி.

ஜாவாவில் பார், பிரம்பனான் சிவன் கோவில் வளாகத்தில் அந்த நாட்டு இந்துக்கள் நியேபி பண்டிகைக்கு முந்தின நாள் கூடி வழிபடுகிறார்கள். அவர்கள் நாடு, அவர்கள் கோவில். அதுதான் முறை.

கிள்ளான் வேலூரான்:

நான் பிறந்தது வேலூர் சலவன்பேட்டை, இப்போது மலேசியாவில் வேலை. குடும்பத்தோடு சியம் ரீப் போய் வந்திருக்கிறேன், அதனால் நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

டிக்கெட்டுக்கு வெளியாள் யாரையும் நம்ப வேண்டாம். அங்கோர் பாஸ் அரசு கவுண்டரிலோ அவர்களுடைய அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ மட்டும்தான் வாங்க வேண்டும், பாஸில் உங்கள் முகம் பதிந்திருக்கும். ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62 டாலர். மூன்று நாள் பாஸை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்று இல்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். அம்மாவை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதுதான் சரி, ஒரு நாள் சுற்றி மறுநாள் ஓய்வெடுக்கலாம். பந்தேய் ஸ்ரெய்யும் இதே பாஸில் அடக்கம். குலன் மலைக்கு மட்டும் தனி டிக்கெட். புதிய விமான நிலையம் ஊரிலிருந்து தூரம், வண்டியை முன்கூட்டியே தங்குமிடத்தில் சொல்லிவிடுங்கள். விசாவை இங்கிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடலாம்.

அங்கோர் வாட்டில் வெளி அகழியைத் தாண்டி வருகிற கல்பாதை நீளம், நிழல் இல்லை. விடியற்காலை சூரிய உதயத்துக்குக் கூட்டம் நெருக்கியடிக்கும், அம்மாவோடு அந்த நேரம் வேண்டாம், அவர்கள் காலைச் சாப்பாட்டுக்குக் கலைந்து போகும்போது நீங்கள் உள்ளே போங்கள். மேல் அடுக்குக்குப் போகிற படி செங்குத்து, மரப்படி போட்டிருந்தாலும் முட்டி வலிக்காரர்கள் ஏற வேண்டாம். ஏறாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அம்மாவுக்கான கோவில் கீழே சுற்றுச் சுவரில்தான் இருக்கிறது. மேற்குப் பக்கத்தில் குருட்சேத்திரமும் இலங்கைப் போரும், கிழக்குப் பக்கத்தில் பாற்கடல் கடைவது, ஏறத்தாழ 49 மீட்டர் நீளம் ஒரே சிற்பம். வாசுகியை ஒரு பக்கம் அசுரரும் ஒரு பக்கம் தேவரும் பிடித்து இழுக்க, நடுவில் விஷ்ணு. மேலே கூரை இருப்பதால் வெயில் படாது, நின்று நின்று பார்க்கலாம். என் அம்மா ஒவ்வொரு உருவமாக என் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடந்தார், பக்கத்தில் வந்த வழிகாட்டிப் பெண் நின்று கேட்டுவிட்டு, கெமர் மொழியில் அந்தந்தப் பெயரை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று சொல்லிக் காட்டினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது, ஆனாலும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டார்கள்.

கும்பிடுவதற்கு ஒரு இடம் கட்டாயம் உண்டு. மேற்கு வாசல் கோபுரத்துக்குள் எட்டுக் கை விஷ்ணு நிற்கிறார், ஆள் உயரத்தைவிடப் பெரியவர். அந்த ஊர்க்காரர்கள் தா ரீச் என்று பெயர் சொல்லி, மஞ்சள் பட்டு சாத்தி, தாமரையும் ஊதுவத்தியும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கே ஊதுவத்தி வைக்கத் தனி இடம் வைத்திருக்கிறார்கள், அவர்கள் செய்கிற மாதிரியே நீங்களும் செய்யலாம், பக்கத்தில் நிற்பவர்கள் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். செருப்பு எல்லா இடத்திலும் கழற்ற வேண்டியதில்லை, கல் சுடும், காலில் குத்தும். புத்தர் சன்னதிகளில் மற்றவர்கள் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், அம்மாவின் புடவைக்குக் கவலையே இல்லை.

சாப்பாடு: கம்போடியச் சமையலில் மீன் சாறும் ஊறவைத்த மீனும் கண்ணுக்குத் தெரியாமல் காய்கறியிலும் கலந்திருக்கும், அதனால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சியம் ரீப்பில் இந்திய ஹோட்டல்கள் உண்டு. தை மாதம் அங்கே நல்ல பருவம், சித்திரை மாதிரி கொளுத்தாது.

இரண்டு எச்சரிக்கை. தாய்லாந்து எல்லையில் மலை உச்சியில் இருக்கிற ப்ரேயா விஹேர் சிவன் கோவிலுக்கு யாராவது அழைத்துப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2025இல் இரண்டு நாட்டுக்கும் அந்த எல்லையில் சண்டை நடந்தது. இரண்டாவது, பழைய சிலை என்று சொல்லி யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள். கோ கேர் என்ற இடத்தில் துரியோதனன், பீமன் சிலைகளைத் திருடர்கள் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துப்போனார்கள், பாதம் மட்டும் பீடத்தில் மிச்சம். அமெரிக்காவுக்குப் போன அந்தச் சிலைகள் 2014இல்தான் திரும்பி வந்தன. நம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதும் அதே வருடம். நம் வீட்டுச் சாமியைப் பறிகொடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூர் வழியாக வருகிறீர்கள் என்றால் கடாரத்தையும் யோசியுங்கள். கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு, புக்கிட் பத்து பஹாட் என்ற கோவிலின் அடித்தளத்தைத் திருத்திக் கட்டி வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே அருங்காட்சியகம். ராஜேந்திரன் படை போன கடாரம் இந்தப் பக்கம்தான். பெரிய கோபுரம் எதிர்பார்த்துப் போகக் கூடாது, இடுப்பளவு கல் அடித்தளம்தான். 2013இல் அங்கே இருந்த ஒரு பழைய கோவில் இடத்தை மனை போடுவதற்காக இடித்தே விட்டார்கள். கவனிப்பார் இல்லாததால் போனது அது. ஆள் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் மிச்சம் இருப்பதாவது நிற்கும், அதனால்தான் சொல்கிறேன்.

அரக்கோணம் பாசஞ்சர்:

கிள்ளான் அண்ணன் கடாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ராஜேந்திரன் கடாரம் வென்றதைச் சொல்லும் செப்பேடுகளில் முக்கியமான ஒன்று திருவாலங்காட்டுச் செப்பேடு. அம்மையார் பாடிய அதே ஊர்தான்.

அக்கா, நாள் மிச்சம் இருந்தால், அதோடு உங்கள் வீட்டுக்காரருக்கும் ஆர்வம் இருந்தால், கொம்போங் தோம் பக்கம் சம்போர் ப்ரெய் குக் இருக்கிறது, 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கோர் வாட்டுக்கு ஐந்நூறு வருடம் முந்தைய தலைநகரம், ஈசானபுரம் என்று பெயர், ஈசானவர்மன் கட்டிய எட்டுப்பட்டைச் செங்கல் கோவில்கள், மரத்தின் வேர் கவ்விப் பிடித்திருக்கிறது. அந்த அரசர் காலமும் நம் சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து விஷ்ணு கோவில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவன் காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சியம் ரீப்பிலிருந்து போக வர ஒரு நாள் முழுக்க ஆகும், அம்மா தாங்குவாரா என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

சத்துவாச்சாரி மலர்:

வாத்தியார் சார் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், 1981இல் லிங்கம் கோட்டைக்குள் போன அன்றைக்குத் தானும் அந்தக் கூட்டத்தில் இருந்ததைச் சொன்னார், கல்யாணம் ஆகாத பெண்ணாம் அப்போது, இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. பையிலிருந்து கற்பூரத்தையும் எண்ணெயையும் அவரே எடுத்து வெளியே வைத்துவிட்டார். அம்மையார் பதிகம் மனப்பாடம் செய்யப் போகிறேன் என்கிறார், பந்தேய் ஸ்ரெய்யில் சத்தம் போடாமல் பாடலாம்தானே?

மூன்று நாள் பாஸ், முதல் நாள் பந்தேய் ஸ்ரெய், ஒரு நாள் ஓய்வு, பிறகு அங்கோர் வாட் என்று வைத்திருக்கிறோம். மூன்றாவது நாளை அம்மா கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வோம். திருவாலங்காட்டுக்கு வருகிற ஞாயிறு போகலாம் என்று இருக்கிறோம், காட்பாடியிலிருந்து எப்படிப் போவது சுலபம்?

அரக்கோணம் பாசஞ்சர்:

தாராளமாகப் பாடலாம் அக்கா, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் மெல்லப் பாடினால் யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த வாசலுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நின்றால் சிற்பம் முழுசாகத் தெரியும், ரொம்பக் கிட்டே போனால் அண்ணாந்து கழுத்து வலிக்கும்.

காட்பாடியில் காலை வண்டி ஏதாவது பிடித்து அரக்கோணம் வந்துவிடுங்கள். எக்ஸ்பிரஸ் திருவாலங்காட்டில் நிற்காது, அரக்கோணத்தில் இறங்கிச் சென்னை போகிற எலக்ட்ரிக் டிரெயின் மாறுங்கள், கொஞ்ச தூரம்தான். ஸ்டேஷனிலிருந்து கோவிலுக்கு ஆட்டோ. அம்மாவுக்கு நடைமேடைப் படி ஏறுவது சிரமம் என்றால் வேலூரிலிருந்தே கார் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படிப் போனாலும் மதியம் நடை சாத்துவதற்குள் போய்ச் சேருங்கள்.